ஜோடியாக இருந்த செருப்பு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தம்பி ரவி காணாமல் போய் நான்கு வருடமாகிறது. கோவளம் கரையில் அவன் செருப்பு மட்டும் கடலைப் பார்த்து ஜோடியாக இருந்தது. அதை வைத்தே, அவன் தானாகக் கடலில் இறங்கிவிட்டான் என்று எழுதி போலீசார் வழக்கை மூடினார்கள்.

இன்று அங்கே மீன் விற்கும் பிலோமினா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"செருப்பு வுட்டுட்டுப் பூட்டாரே, அவரு அக்காதான நீ? நான்தாம்மா அத்த ஜோடியா வெச்சேன். ஒண்ணு அலைகிட்ட கெடந்துச்சு, ஒண்ணு படகாண்ட. தண்ணி இஸ்துகினு பூடும்னு எடுத்து மேல வெச்சேன்."

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"அவுங்க எங்க கேட்டாங்க? வஞ்சரம் இன்னா வெலன்னுதான் கேட்டாங்க."

மோகினி இழுத்துக்கொண்டாள் என்று ஊரில் சொன்னதை நான் நம்பவில்லை. செருப்பை நம்பினேன். அவன் தானாகத்தான் கடலில் இறங்கினான் என்று ரவியின் மனைவி வசந்தியிடமும் சொன்னேன். தன்மேல் என்ன குறை என்று அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ரவிக்கு என்ன ஆயிற்று என்று இப்போதும் தெரியாது. ஓடினானா, யாராவது துரத்தினார்களா என்று ஊகிக்க மாட்டேன். ஆனால் போலீசார் எழுதியதற்கு ஆதாரம் இல்லை.

நாளை காலை பிலோமினாவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன். வியாபாரம் கெடும் என்று முனகினாள், பிறகு ஒப்புக்கொண்டாள். அவள் சொல்வதை எழுதிக்கொள்ளும்வரை அங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை.

வசந்திக்கு இப்போதே சொல்ல வேண்டும். மணி பதினொன்று. விழித்துத்தான் இருப்பாள்.