மூடியில் ஒதுக்கிய கறிவேப்பிலை

வியாழன், இரவு.

தூக்கம் வரவில்லை. தனி வார்டில் இருப்பவர் உகாண்டாவிலிருந்து காய்ச்சலோடு வந்து ஐந்து நாளாகிறது. எபோலாவா என்று பார்க்க ரத்தம் அனுப்பியிருக்கிறோம். ரிசல்ட் வரும்வரை 'நல்லா இருக்காரு' என்பதற்கு மேல் யாரிடமும் பேசக்கூடாது என்று நர்ஸுகள் எல்லோருக்கும் உத்தரவு.

அவர் மனைவி தினமும் பொன்னமராவதியிலிருந்து முதல் பஸ்ஸில் சோறு கொண்டுவருகிறார். இன்று ஆஸ்பத்திரி கேட்டில் என் கையைப் பிடிக்க வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சிஸ்டர், உள்ள போன டப்பா ஒண்ணுகூடத் திரும்பி வரலை. அவரு போய்ட்டாருன்னு ஊருல பேசிக்கிறாங்க. எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

"நல்லா இருக்காரும்மா" என்றேன்.

"இதத்தானே அஞ்சு நாளாச் சொல்றீங்க."

என் மேலேயே எரிச்சல் வந்தது. உத்தரவாவது மண்ணாவது. உள்ளே போனது எதையும் வெளியே விடாமல் எரித்துவிடுவோம் என்பதைச் சொன்னேன். "நேத்து ரசஞ்சோறு முழுசும் சாப்பிட்டாரு. கறிவேப்பிலைய மட்டும் பொறுக்கி மூடியில வரிசையா வச்சிருந்தாரு."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

"அவரேதான். இருபது வருசமாத் திட்டுறேன், ஒரு எலை தின்னதில்ல."

கிளம்பியவர் திரும்பி வந்தார். "நாளைக்கு எண்ணிப் பன்னெண்டு எலை போடுறேன். எத்தனை ஒதுக்குனாருன்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர்."

கேஸ் ஷீட்டில் அதற்கு இடம் இல்லை. மறந்துவிடாமல் இங்கே எழுதி வைக்கிறேன்: பன்னிரண்டு.