நாலு பல் எருதின் தாடை

அப்பாவுக்கு, சென்னப்பட்டணத்திலிருந்து மகன் செல்லமுத்து விழுந்து கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கிறதென்று யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

மாட்டாஸ்பத்திரியில் எலும்பு கழுவும் வேலைதான் இன்னும். போன வாரம் ஒரு குதிரை தோளில் கடித்துவிட்டது. மாடாக இருந்தால் மேலே முன்பல் கிடையாது, தப்பியிருப்பேன். பயப்படாதீர்கள், ஆறிவிட்டது.

சேந்தமங்கலம் தரகன் நாச்சிமுத்து, நாலு பல் போட்ட இளம் எருதென்று நமக்கு விற்றது ஏரிலேயே விழுந்து செத்ததே, அதன் தாடையைத் தோண்டி எடுத்து வையுங்கள். நாலு பல் மாட்டுக்கு நடுவில் நாலு பெரிய பல் முளைத்திருக்கும், ஓரத்தில் இன்னும் விழாத பால் பற்கள் இருக்கும். அவற்றின் அடியில், எலும்புக்குள், புதுப் பல் காத்திருக்கும். இங்கே பிளந்து பார்த்திருக்கிறேன். அவன் கிழட்டு எருதின் ஓரப் பற்களை அரத்தால் ராவிப் பால் பல்லாகக் காட்டியிருக்கிறான். நம் எருதின் ஓரப் பற்களுக்கு அடியில் புதுப் பல் ஒன்றும் இராது.

“மலைக்காரருக்குப் பல்லுப் பாக்கத் தெரியாட்டி நான் என்னங்க பண்ணட்டும்?” என்று, எருது செத்ததும் சந்தையில் நியாயம் கேட்கப் போன உங்களைப் பார்த்துச் சிரித்தான். தை மாதம் வருகிறேன். அதே சந்தையில், எல்லார் முன்னாலும், அந்தத் தாடையை அவன் கையாலேயே பிளக்க வைப்பேன்.

கொஞ்சம் சாமை கொடுத்தனுப்புங்கள். தனியாக உட்கார்ந்து தின்னும் அரிசிச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. மணி அடிக்கிறார்கள், நிறுத்துகிறேன். அன்றைக்கு அவன் சிரித்தபோது தெரிந்த பல் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.