மூன்று அடைப்பும் இறுக்கமாகத்தான் இருந்தன

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. நீங்கள் பர்மாச் சண்டையில் இருந்தபோது அக்கா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அவள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதையும் நானே சேர்த்து எழுதி, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை அவள் எதுவும் சொல்லித் தரவில்லை. எங்கே தொடங்குவது என்று எனக்கும் தெரியவில்லை.

நம்முடைய தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. டீக்கடையில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் இருந்தால் எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் சொல்ல வந்த செய்தி அதுவல்ல. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை அடைத்ததும் பழையாறு வற்றியது. போன வாரம் ஆற்றின் ஆழக் கயத்துக்குள்ளிருந்து, தரையிலும் தண்ணீரிலும் ஓடிய உங்கள் வாத்து லாரியை வடம் போட்டு இழுத்துக் கரையேற்றிவிட்டார்கள்.

நாகர்கோவிலில் மரம் விற்கும் தடிக்கடை முதலாளி பட்டாள ஏலத்தில் அதை எடுத்து வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆற்று வழியாக மரம் இறக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். முதல் நாளே வட்டக்கோட்டைக்குக் கொண்டுபோய், கோட்டைச் சுவர் ஓரமாகக் கடலுக்குள் நேரே இறக்கினீர்கள். பக்கத்தில் இருந்த நான் சாமி பெயர் ஒன்று பாக்கியில்லாமல் சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "கரையில லாரி, தண்ணியில வள்ளம். பயப்படாதலே, இது பர்மாவுல ஆறு கடந்த வண்டியாக்கும்" என்றீர்கள்.

அதன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்குச் சோறு வேண்டாம். மணலில் ஏறும்போது இருந்த இடத்திலிருந்தே டயர் காற்றை இறக்கலாம், ரோட்டுக்கு வந்ததும் ஏற்றலாம். துறைமுகம் இல்லாத கரையிலும் கப்பல் அரிசியை நேரே பட்டாளத்தின் அடுப்படிக்கே கொண்டு சேர்த்துவிடும். ஆனால் குறையையும் நீங்கள் மறைத்ததில்லை. தண்ணீரில் ஆமை வேகம். அலை கொஞ்சம் உயர்ந்தால் உள்ளே வரும். எல்லாவற்றையும்விட, அடித்தகடு மெலிசு. "கீழ என்ன கெடக்குன்னு தெரியாத தண்ணியில இத எறக்கப்பிடாது, கேட்டியா. தண்ணியையும் தரையையும் தொடாம ஒரு முழம் மேல காத்துலயே போற வண்டி ஒண்ணு எவனாவது செஞ்சாத்தான் இந்தச் சங்கடம் தீரும்" என்பீர்கள். நான் உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

போன ஐப்பசி வெள்ளத்தில் மேட்டுத்தெரு ஆட்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் முதலாளியிடம் கேட்காமலேயே லாரியை எடுத்து வந்தீர்கள். இரண்டு நடை, முழுகிக் கிடந்த ரோட்டு வழியாகவே போய் ஆட்களைக் கொண்டுவந்தாயிற்று. உள்ளே கசிந்த தண்ணீரை வடிய விட, அடியிலுள்ள மூன்று அடைப்பையும் நான்தான் திறந்தேன். நான்தான் திரும்ப முறுக்கினேன். "மூணையும் முறுக்கியாச்சா?" என்று கேட்டீர்கள். முறுக்கியாச்சு என்றேன்.

இன்னும் ஒரு நடை பாக்கி இருக்கும்போது மழை மறுபடி பிடித்தது. ரோட்டைச் சுற்றிப் போனால் நேரமாகும், நம்முடைய வயல் வழியாகக் குறுக்கே போங்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் உடனே எடுக்கவில்லை. "வயலுக்குள்ள கல்லு, மரக்குத்தி ஏதாவது உண்டுமா?" என்று கேட்டீர்கள். "ஒண்ணும் இல்ல அத்தான், நம்ம வயலு எனக்குத் தெரியாதா" என்றேன்.

பாதி வயலில் முன்பக்கம் தாழ்ந்ததைக் கரையில் நின்று பார்த்தேன். குதியுங்கள் என்று கத்தினேன். நீங்கள் குனிந்து கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தீர்கள். லாரியோடு உங்களையும் ஆறு இழுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே நினைப்புத்தான். மூன்றாவது அடைப்பை முறுக்கினேனா? முறுக்கியது போலவும் இருக்கிறது, யாரோ கூப்பிட்டு நடுவில் எழுந்தது போலவும் இருக்கிறது. சோற்றைப் பிசையும்போது என் விரல்கள் தாமாக வலப்பக்கம் முறுக்கும். இதற்கிடையில் தடிக்கடையில், நீங்கள் குடித்துவிட்டு ஓட்டியதாகப் பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அக்கா சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

லாரி கரையேறியதும் சேற்றுக்குள் படுத்து அடியில் கைவிட்டுப் பார்த்தேன். மூன்று அடைப்பும் இறுக்கமாகத்தான் இருந்தன, அத்தான். அத்தனை பேர் முன்னால் குழந்தை மாதிரி அழுதேன். அப்போது மெக்கானிக் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் விளக்குமாற்றால் சேற்றைத் தள்ளிக் காட்டினான். தகடு ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலில் கறுப்பாகப் பனஞ்சிராய் சிக்கியிருந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த வெள்ளத்துக்கு முந்தின மாசியில் வரப்பில் நின்ற பனையை வெட்டினேன். எருமை கட்ட ஆகட்டும் என்று முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவைத்தேன். நீங்கள் குற்றி உண்டா என்று கேட்டபோது அது என் நினைவிலேயே வரவில்லை. எனக்கு அது குற்றி இல்லை, எருமை கட்டுகிற இடம். இப்படியும் ஒருவனுக்கு மறக்குமா? நீங்களாவது நம்புவீர்களா?

"என்னலே அது?" என்று கரையில் நின்ற அக்கா கேட்டாள். "கல்லு தட்டியிருக்கு, அக்கா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

நேற்று விடிந்ததும் கோடாலியோடு வயலுக்குப் போனேன். அந்தக் கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனா, என்ன நினைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பக்கத்து மண்ணைச் சுரண்டியபோது, கட்டையின் ஒரு பக்கம் பட்டாளப் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது. திரும்பினால், எருமையைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்கிறாள்.

"அத வெட்டாத மக்கா" என்றாள். "அந்தப் பச்சைய நான் தை மாசமே பாத்தாச்சு."

தை மாதத்திலிருந்து தினமும் அவள் அதில்தான் எருமையைக் கட்டியிருக்கிறாள். தினமும் எனக்குச் சோறும் போட்டிருக்கிறாள்.

"பின்ன ஏங்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஆத்தங்கரையில வச்சு கல்லுன்னு சொன்ன பாரு, அப்பத்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது" என்றாள். குரல் உயரவே இல்லை. "எனக்கிட்ட இனி ஒண்ணும் சொல்லாண்டாம். அவிய குடிச்சிருந்தாவன்னு சொன்னவங்க கிட்டப் போய்ச் சொல்லு."

எருமையைக் கட்டிவிட்டுப் போய்விட்டாள். என்னை மன்னித்துவிட்டாளா, கைகழுவிவிட்டாளா? மத்தியானம் வழக்கம்போல இலை போட்டாள். கூடுதலாக ஒரு துண்டு மீனும் வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத்தான் தெரியும், அவளை அறிந்தவர் நீங்கள்.

அதனால் இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நாளைக்குக் காலையில், சந்தைக் கூட்டம் இருக்கும்போதே, தடிக்கடை வாசலில் நின்று ஒரு வரி விடாமல் வாசிப்பேன். நீங்கள் குடிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை, நிறுத்திக் கேட்டீர்கள், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று ஊர் கேட்கட்டும். நடுவில் குரல் உடைந்தாலும் முடிக்காமல் இறங்க மாட்டேன், அத்தான். அக்காவைக் கூப்பிடவில்லை. ஆனால் சந்தைக்குப் போகும் சேலையை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
செல்லையன்