பிக் என்றால் தேர்ந்தெடுப்பது

கோச்சடை, மதுரை
4.3.2001

அன்பு மகள் ஜெனிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் இங்கே நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளை ஜெய்சனும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதுபோலவே சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். விசா கிடைத்துவிட்டது என்று சென்னையிலிருந்து போனில் இரண்டு வார்த்தைதான் சொன்னேன், பூத்துக்காரர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நடந்ததை இதில் எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பேறுகாலத்துக்கு அப்பா வரட்டும் என்று நீ சொன்ன செய்தி பரவைக்கு எட்டியதுமே விக்டோரியா அத்தை பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "ஏண்டா தம்பி, பிள்ளைப்பேறு பாக்க ஆம்பளையா போவான்? அவ மாமியா நான் வாரேங்குறா, அக்கா நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், டெப்போவுல பஸ்ஸக் கழட்டி மாட்டுனவன் நீ போயி என்னத்தச் செய்வ?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. உன் அம்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. ஆனாலும் நீ கூப்பிட்ட பிறகு வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு மனசில்லை, போறேன்க்கா என்று மட்டும் சொன்னேன், அவள் காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

நீ சொன்னபடி பக்கத்துத் தெருவில் பிருந்தா நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஜவுளிக்கடை கிரிதரனின் மகள்தான், நீ பார்த்தபோது பாவாடை சட்டையில் இருந்திருப்பாள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறாள், வகுப்பில் இங்கிலீஷ், நான் முழிக்கும்போது மட்டும் தமிழ். மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள், நான் கடைசி பெஞ்சில். பொருள்களின் பெயரெல்லாம் டெப்போவிலேயே எனக்குப் பழக்கம், கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ் என்று எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன், வினைச்சொல் வந்தால்தான் தடுமாற்றம். ஒருநாள் தேர்ந்தெடுப்பதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று பாடம் நடத்தினாள். "செலக்ட்டுன்னா விதிமுறை வச்சு எடுக்கிறது, வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி. சூஸ்னா இதுவா அதுவான்னு யோசிச்சு எடுக்கிறது. பிக்குன்னா ரொம்ப யோசிக்காம மனசுக்குப் பட்டத சட்டுன்னு எடுக்கிறது அங்கிள்" என்றாள். பூப் பறிப்பதற்கும் பிக் தானாம், பிக்பாக்கெட்டில் வருவதும் அந்தச் சொல்தானாம். பின்னால் சின்னச் சொல் ஒன்று சேர்ந்தால் அர்த்தமே மாறிவிடும், அதை நாளைக்கு நடத்துகிறேன் என்றாள். அந்த நாளைக்குத்தான் நான் வகுப்புக்குப் போகவில்லை, அத்தையைச் சமாதானம் செய்யப் பரவைக்குப் போய்விட்டேன், அவளும் சமாதானமாகவில்லை.

சென்னையில் விசா ஆபீசர் மாப்பிள்ளை வயதுக்காரர், நல்ல முகம். முதல் கேள்விகளுக்கெல்லாம் பிருந்தா சொல்லிக்கொடுத்தபடி சொல்லிவிட்டேன். பிறகு அவர், ஹூ வில் பிக் யூ அப் என்றார். பிக்கப் என்றால் எனக்குத் தெரிந்தது வண்டியின் இழுவைதான், இந்த மனிதர் எதற்கு அதைக் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் திகைத்துப்போனேன். அப்புறம் பாடம் ஞாபகம் வந்தது, யார் உங்களைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "மை டாட்டர் பிக்டு மீ சார். மதர் இன் லா ரெடி. மை சிஸ்டர் ரெடி. ஷி பிக்டு மீ" என்று சத்தமாகச் சொன்னேன். மொழிபெயர்த்துச் சொல்ல அவர் பக்கத்தில் இருந்த தமிழ் அம்மா மெதுவாக, "ஏர்போர்ட்டுக்கு யார் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு கேக்குறாருங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று, அத்தோடு எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆபீசர் சிரிக்கவில்லை அம்மாடி. அந்த அம்மாவிடம் என்னமோ சொன்னார், உங்களை ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னு கேக்குறாரு, தமிழ்லயே சொல்லுங்க என்றார் அந்த அம்மா. நான் சொன்னேன், "அவ அம்மா சாகும்போது இவ பத்தாப்பு. அதுக்கப்புறம் காய்ச்சலோ பரிட்சையோ வீட்டுல நாங்க ரெண்டு பேருந்தான். எனக்குப் பிள்ளைப்பேறு பாக்கத் தெரியாதுங்க. ஆனா அவ வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டா, மொகத்தப் பாத்துக் கண்டுபிடிக்கணும். அது எனக்குத் தெரியும்." அந்த அம்மா அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்கும் வரை நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆபீசர் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, விசா தருகிறோம், பத்திரமாகப் போய் வாருங்கள் என்று சொல்லச் சொன்னார்.

ஊருக்கு வந்து பிருந்தாவிடம் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்க பதில் தப்பில்ல அங்கிள், கேள்விதான் வேற" என்றாள். அத்தையிடமும் சொன்னேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுத் தூரம் போறவன் வெறுங்கையோடவா போவ, வா அடுப்படிக்கு" என்று எழுந்துவிட்டாள். இப்போது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் எனக்குக் கைவந்துவிட்டன. டெப்போ டிரைவர் மலைச்சாமியின் பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியும் பழகினேன், பிள்ளை அழவில்லை, எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

ஈஸ்டர் முடிந்ததும் புறப்படுகிறேன். லேகியம் கொண்டுவர அங்கே விடுவார்களா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்காதே. இன்னொன்று, பெண் பிறந்தால் உன் அம்மா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருப்பாள். எனக்காக என்று அப்படி எதுவும் வைக்காதே கண்ணு. நீயும் மாப்பிள்ளையும் ஆசைப்பட்ட பெயரை வையுங்கள், அது எதுவாக இருந்தாலும் நான் வாய்நிறையக் கூப்பிடுவேன்.

மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா
சவரியப்பன்