நாங்கள் பார்த்துவிட்டு வந்த வீடு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நான் சௌக்கியம், முட்டி மட்டும் சொன்ன பேச்சு கேக்கலை. நீ அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். உன் தம்பி போன வாரம் குழாயைச் சரி பண்றேன்னு கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டான், லிஃப்ட் மெக்கானிக் பெத்த பிள்ளை, கடைசியில நான்தான் மாட்டினேன். சரி, விஷயத்துக்கு வரேன். எனக்கும் தையல் டீச்சருக்கும் ரிஜிஸ்டர் கல்யாணம்னு நீ அடுத்த மாசம் லீவு போட்டிருக்கே. அது நடக்காது. பதறாதே, சண்டை ஒண்ணுமில்லை. உன் அம்மா போனதுக்கப்புறம் தனியா கிடந்தவனுக்கு இந்த மூணு வருஷமா டீச்சர் துணையா இருந்தாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை ரெண்டு பேருமா குடியிருக்க ஒரு வீடு பார்க்கப் போனோம். ரெண்டாவது மாடி, நல்ல வெளிச்சம். அவங்க ஜன்னலோரமா மெஷின் போட இடம் அளந்தாங்க, நான் சுவத்தைத் தட்டிப் பார்த்தேன். எப்ப குடி வரீங்கன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. அவங்க சொல்லட்டும்னு நான் பார்த்தேன், நான் சொல்லட்டும்னு அவங்க பார்த்தாங்க. யோசிச்சுச் சொல்றோம்னு கிளம்பிட்டோம். மாடிப்படியில டீச்சர் நின்னு, வியாழக்கிழமை உடம்பு சரியில்லை, உங்க வீட்டுக்கு வரலைன்னு நான் போன் பண்ணப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. வருத்தமா இருந்துச்சுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். போனை வெச்சுட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே பாத்திரம் கழுவினேன்னு உள்ளதைச் சொல்லிட்டேன். முதல்ல சிரிச்சுட்டாங்க, நீங்க பாடுவீங்கன்னே எனக்குத் தெரியாதேன்னாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எனக்கும் அன்னிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை, செருப்பு மாட்டினதும் ஐயோ போகணுமேன்னு இருந்துச்சு, கழட்டிட்டேன்னாங்க. நல்லவங்களா இருக்கோம்ங்கிறதுக்காக ஒரே வீட்டுல அடைஞ்சுக்க வேணாம்னும் சொன்னாங்க. சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா நீங்க சொல்றது சரிதான்னேன். பஸ் வர்ற வரைக்கும் கூட நின்னேன். என் சட்டை ரெண்டு அவங்ககிட்ட இருக்கு, பட்டன் வெச்சு உன் தம்பிகிட்ட கொடுத்து விடறேன்னாங்க. வீடு வெறிச்சுன்னு கிடக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா தப்புப் பண்ணிட்டோம்னு இதுவரைக்கும் தோணலை.

இன்னொண்ணு. உன்னைக் கட்டிக்கப் போறவர் மூணு வாரம் வெளியூர் வேலைக்குப் போறார்னு போன மாசம் சொன்னியே, அன்னிக்கு ரொம்ப நாள் கழிச்சு நீ கலகலன்னு பேசினே. அது என் காதுல விழுந்துச்சு. அவரைக் குறை சொல்ல எனக்கு அவரைச் சரியாத் தெரியவே தெரியாது. எப்ப கல்யாணம் எப்ப கல்யாணம்னு உன்னைத் துளைச்சது நான்தான், இனிமே கேக்க மாட்டேன். நீயே உன்னை ஒரு தடவை கேட்டுக்கோ, பதிலை எனக்குச் சொல்லணும்னு இல்லை.

லீவை ரத்து பண்ணிடாதே, சும்மாவே வா. காதுக்குச் சொட்டு மருந்து விடறதை நிறுத்தாதே. எந்தக் குறையுமில்லாம மனசு நிறைஞ்சு இரு. அவரோட வந்தாலும் சரி, தனியா வந்தாலும் சரி, கூட்டிட்டுப் போக நான் வந்து நிப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா