ஒரு நாள் முந்தி வருகிறவருக்கு

என் பிரியமுள்ள அண்ணாச்சிக்கு,

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் இன்றைக்கு வருவீர்கள் என்பது தெரியும். உச்சிப்பொழுதுக்கு இன்னும் மூன்று நாழிகை இருக்கிறது. அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

முதலில் வீட்டுச் சமாசாரம். தச்சநல்லூரில் எல்லாரும் சௌக்கியம். சீமையில் நடக்கிற சண்டையால் மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. உங்கள் செவலைப் பசு மூன்றாவது கன்று போட்டிருக்கிறது. உங்களை மாதிரியே பிடிவாதம், யார் கூப்பிட்டாலும் இருந்த இடத்தை விட்டு நகராது. எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. முப்பத்தாறு வயதுக்கு இது அதிகம் என்று எண்ணெய்க் கடைக்கு வருகிறவர்கள் சொல்லுகிறார்கள். படகில் கிடந்த பதினெட்டு நாளை அவர்களுக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது?

இதை வேறு யாரும் படித்தாலும் படிக்கட்டும். மறைத்தது போதும். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்லுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் உப்பும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு ரங்கூனுக்குப் புறப்பட்ட பாய்க்கப்பலில் நாம் இருவரும் ஏறினோம். அங்கே அரிசி ஆலையில் உங்களுக்கு வேலை காத்திருந்தது. நான் வழக்கம்போல உங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நடுக்கடலில் அடிப்பலகை பிளந்து, ஒரே முற்பகலில் கப்பல் முழுகியது. பத்துப் பேர் அதன் சிறு படகில் ஏறித் தப்பினோம். பாய் கிடையாது. நான்கு துடுப்புத் தண்டுகள் இருந்தன. ஒரு தண்டுக்கு இரண்டு பேராக உட்கார்ந்து வலித்தோம். கப்பலை ஓட்டிவந்த உவரிக்காரர் அந்தோணித் தண்டல், சுக்கானைப் பிடித்தபடி பின்னால் நம் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கடலில் பத்து ஆண்களின் குடித்தனம் எப்படி நடந்தது என்று மதினி பல தடவை கேட்டிருக்கிறார்கள். விடிந்ததும் தண்டல் சிலுவை போட்டுக்கொள்வார். நாம் பலகையில் பூத்த உப்பைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொள்வோம், திருநீற்றுக்கு வேறு வழி? வெயில் ஏறும்வரை வலிப்போம். படகுக்குள் ஊறுகிற தண்ணீரைத் தகர டப்பாவால் முறை வைத்து இறைப்போம். கொப்புளம் உடைந்த கைக்கு வேட்டியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வோம். ஆளுக்கு ஒரு கை அவல், ஒரு துண்டு கருப்பட்டி. அந்த அவலிலும் கல் கிடக்கிறது என்று குறை சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். சூரியன் விழுந்ததும் தண்டல் ஒரு கயிற்றில் முடிச்சுப் போடுவார். அதுதான் நமக்குப் பஞ்சாங்கம்.

உச்சியில் தண்ணீர் கிடைக்கும். தண்டல் தன் தேங்காய்ச் சிரட்டையால் அளந்து ஊற்றுவார். தண்டில் கை வைத்திருக்கிறவனுக்கு முழுச் சிரட்டை, படுத்துக் கிடக்கிறவனுக்கு அரைச் சிரட்டை. அது அவர் போட்ட சட்டம். வலிக்கிறவன் செத்தால் எல்லாரும் சாக வேண்டியதுதான் என்பார்.

எட்டாம் நாள் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. படுத்தால் அரைச் சிரட்டைதான் என்று, உங்கள் கைகளை என் துண்டால் தண்டோடு சேர்த்துக் கட்டச் சொன்னீர்கள். கட்டினேன். பதினோராம் நாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்.

"தண்ணி குடுத்தாச்சாலே?"

"இப்பம் வந்துரும் அண்ணாச்சி" என்றேன்.

அது வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் தோள் என் தோளில் சாய்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களை நிமிர்த்தி உட்காரவைத்தேன். வெயிலுக்காக எல்லாரும் போட்டிருந்ததுபோல உங்கள் தலையிலும் ஈரத்துணியை முகம் மறைய இழுத்துவிட்டேன். தண்டல் சிரட்டையோடு வந்தார். அண்ணாச்சி கண் அசந்திருக்காங்க, நான் குடுக்கேன் என்று வாங்கிக்கொண்டேன். உங்கள் உதட்டில் சிரட்டையை வைத்தேன். பிறகு என் உதட்டில் வைத்தேன்.

இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வெயில் தாழ்ந்ததும் மறுபடி தண்டு வலித்தோம். நான் வலிக்க, கட்டிய கையோடு நீங்களும் முன்னும் பின்னும் ஆடினீர்கள். சத்தியமாகச் சொல்லுகிறேன், நம் தண்டு கனக்கவில்லை. நீங்கள் உயிரோடு வலித்த நாளைவிட இலேசாக இருந்தது. நான் நிறுத்தின பிறகும் அது ஒரு தடவை தானாகத் தண்ணீரைத் தள்ளியது. நமக்குப் பின் பலகையில் இருந்த கீழக்கரை ஆள், "அண்ணாச்சி இன்னைக்குத் தெம்பா வலிக்காங்க" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் பக்கமும் பார்க்கவில்லை.

மறுநாள் உச்சியிலும் உங்கள் சிரட்டையை வாங்கினேன். அதையும் குடித்தேன். அதன் பிறகு என்னால் உங்களை ஆட்டிக்கொண்டு வலிக்க முடியவில்லை. அழுதுகொண்டே, அண்ணாச்சி இப்போதுதான் போனார்கள் என்று சொன்னேன்.

உங்கள் விரல்கள் தண்டைவிட்டு வரவில்லை. தண்டல்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்துக்கொண்டே, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"கை நேத்தே வெறச்சுட்டு தம்பி. தெரிஞ்சுதான் ஊத்துனேன். நீ வலிக்கணும்லா."

உங்களைக் கடலில் இறக்கினோம். ஆறு நாள் கழித்து அரக்கான் கரையில் மிஞ்சிய ஏழு பேர் இறங்கினோம். நீங்கள் போன நாளைக் கேட்டார்கள். தண்டல் கயிற்றில் பன்னிரண்டாம் முடிச்சைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஊருக்கு வந்ததும் புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, மாசி தேய்பிறை தசமி என்று குறித்துக் கொடுத்தார். ஐந்து வருஷமாகக் குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்து, தசமியன்று உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போனது நவமி என்று தெரிந்தேதான் இறைத்தேன். திதியை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே, என்ன சொல்வது?

போன வெள்ளிக்கிழமை, திதிக்கு வேண்டிய சாமான்களை எழுதிக்கொண்டிருந்தேன். மதினி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தவர்கள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் திதிக்கு முந்தின நாள் உச்சியில், கொல்லைக் கதவுக்கு வெளியே உங்கள் குரல் கேட்கிறதாம். கதவைத் திறந்தால் யாரும் இல்லையாம்.

"அவங்க எப்பவும் அவசரக்காரங்கல்லா? ரயிலுக்கே ரெண்டு மணி நேரம் முந்திப் போய் உக்காருத ஆளு. அதான் ஒரு நாள் முந்தியே வந்துருதாங்கன்னு நெனச்சுக்கிடுவேன். படியில ஒரு செம்புத் தண்ணி வைப்பேன். சாயங்காலம் பாத்தா செம்புல ஈரங்கூட இருக்காது."

உங்கள் குரல் என்ன சொல்லுகிறது என்று மதினியிடம் கேட்டேன்.

"தண்ணி குடுத்தாச்சாலேன்னு கேக்காங்க. ஒரு நாள்கூட என்னைய லேன்னு கூப்பிட்டதில்ல. அதுதான் எனக்கு வெளங்கல்ல தம்பி."

அந்த வார்த்தையை நான் இந்த ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை அண்ணாச்சி. படகில்கூட அது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

மூன்று நாள் கடை திறக்கவில்லை. நீங்கள் சரியான நாளில்தான் வருகிறீர்கள், நாள் தவறியவன் நான். என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறீர்கள், நானோ அந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்து எண்ணெய் அளந்துகொண்டிருக்கிறேன். நாலாம் நாள் காலையில் மதினி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துணியை இழுத்துவிட்டதைச் சொன்னேன். இரண்டு சிரட்டையையும் சொன்னேன்.

முறம் நிற்கவில்லை. அரிசி முழுவதையும் புடைத்து முடித்து, உமியை ஊதித் தள்ளிவிட்டு, பிறகுதான் மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். வைவார்கள் என்று இருந்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தத் தண்ணி உங்க தாகத்துக்குக் காணுச்சா?"

"காணல்ல மதினி."

மதினி அரிசியைப் பானையில் கொட்டினார்கள். பிறகு எழுந்து, முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்கள்.

"இந்த வருஷம் நீங்க குடுங்க. நான் ஆத்துக்குப் போயிருதேன்."

சொன்னபடியே சற்று முன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புரோகிதரிடமும் உள்ளதைச் சொல்லித் திதியை நவமிக்கு மாற்றியாயிற்று. அவர் ஊர் முழுக்கச் சொல்லுவார், சொல்லட்டும். விடிந்ததும் ஆற்றில் எள்ளுத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தேன். ஆனால் நீங்கள் கேட்பது அந்தத் தண்ணீரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

செம்பை நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொல்லைக் கதவை ஒட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. வெளியே காற்றே இல்லை, வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் செம்பை நிரப்பினதிலிருந்து என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. காலையிலிருந்து மூன்று தடவை வேறு தண்ணீர் குடித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. இதே செம்பைத்தான் கை தேடுகிறது.

நான் தொடமாட்டேன் அண்ணாச்சி. நீங்கள் கூப்பிட்டதும் கதவைத் திறப்பேன். அங்கே என்ன நின்றாலும் முகத்தைத் திருப்பமாட்டேன். நீங்கள் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை செம்பை என் கையாலேயே பிடித்துக்கொண்டு நிற்பேன். நாளைக்கு, நான் பொய்யாகச் சொன்ன அந்தத் தசமியின் உச்சியிலும், இன்னொரு செம்போடு இங்கேயே உட்கார்ந்திருப்பேன். நான் குடித்தது இரண்டு சிரட்டை.

ஒரே தண்டில் உங்களுக்கு இடப்பக்கம் இருந்த தம்பி,
ஆறுமுகம்