வில்கமுவவுக்கு எழுதிய துண்டு

மார்ச் 10, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். தேர் முடிந்து ஒரு கிழமை, தெருவோரத்தில் இன்னும் ஐஸ்கிரீம் குச்சிகள்.

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் மாறிவிடும். ஐம்பத்திரண்டு வயதாகியும் எனக்கு இடது வலது தெரியாது. சோறு பிசைகிற கை எது என்று மனதுக்குள் ஒரு தடவை பிசைந்து பார்த்துத்தான் சொல்வேன். இந்த அழகில், மூன்று கிழமையாக, வளர்ந்த ஆட்களுக்கு இங்கிலீஷில் வழி கேட்கவும் பஸ் ஏறவும் படிப்பிக்கிறேன். இன்று அரை மணித்தியாலம் 'டேர்ன் லெஃப்ட்' என்று வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஆறு பேரில் ஐந்து பேர் மரியாதைக்காக வலது பக்கமே திரும்பினார்கள்.

திரும்பாத ஒருவர் தியாகராசா ஐயா (இனி தி.). யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் லண்டனில். அங்கே போய் இறங்கினால் நிலத்தடி ரயிலைத் தானே பிடிக்க வேண்டுமாம். "பிள்ளை, நீங்கள் காட்டினது வலக்கை" என்றார். அதோடு விடவில்லை. கரும்பலகையில் இரண்டு பிழையும் கண்டுபிடித்தார்.

என்மேல் மட்டும் குற்றமில்லை. மாத்தளையில் யார் இடது வலது சொல்கிறார்கள்? மேலே போங்க, கீழே போங்க, கோயிலடியில் இறங்குங்க. அவ்வளவுதான்.

பாக்கியம் (இனி பா.) நன்றாகச் செய்கிறாள். நாற்பத்தேழு வயது, துணிக்கடையில் கூட்டித் துடைக்கும் வேலை. கண்டியில் ஒரு ஹோட்டலில் அறை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு 19ஆம் திகதி நேர்முகம். புருஷன் மாரிமுத்து மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். வகுப்பில் செய்முறைப் பயிற்சி இருக்கிறதல்லவா, அதில் தனியாக பஸ்ஸில் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தால்தான் கண்டிக்கு விடுவாராம். ஆக, சனிக்கிழமை என் பயிற்சிதான் அவளுக்குப் பரீட்சை.

வம்பு: பா.வின் ஒரே மகள் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சிங்களப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மாரிமுத்து அந்தப் பெயரையே வீட்டில் எடுக்க விடுவதில்லை. எந்த ஊரில் இருக்கிறாள் என்று மூன்று தடவை நூல் விட்டுப் பார்த்தேன். பா. வாயைத் திறக்கவில்லை. என் திறமைக்கே இழுக்கு.

இன்று ஆளுக்கொரு வாக்கியம் சொந்தமாகச் சொல்லச் சொன்னேன். எல்லோரும் கண்டி, கொழும்பு. பா. மட்டும் 'வட் டைம் இஸ் த லாஸ்ட் பஸ் டு வில்கமுவ?' என்றாள். ஒரு பிழை இல்லை. சிங்கள ஊர்களும் யானையும் வயலும் இருக்கிற அந்த மூலைக்கு யார் போவது என்று வகுப்பே சிரித்தது.

"சும்மாங்க டீச்சர். பஸ் போர்டுல பாத்தேன்."

மார்ச் 13, வெள்ளி

வெயில். தலைவலி. பருப்பு அடிப்பிடித்தது, என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார், பேசியிருக்கலாம்.

நாளைய பயிற்சிக்கு ஆளுக்கொரு துண்டுக் கடதாசி எழுதினேன். எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, யாரிடம் என்ன கேட்பது, எல்லாம் இங்கிலீஷில். பா.வுக்கு யட்டவத்த. கிட்ட, பத்திரம், சந்தை வரை போய் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். தி.க்கு நாலந்தா.

பிறகு கை சும்மா இருக்கவில்லை. தி.க்கு இன்னொரு துண்டும் எழுதினேன். வில்கமுவ. நாலு மணித்தியாலம் குலுங்கிப் போய் இறங்கி, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இடது பக்கம் திரும்பி, அங்கிருப்பவர்களிடம் இங்கிலீஷில் நேரம் கேட்க வேண்டும். கரும்பலகைப் பிழைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு குறும்பு. பா. சொன்ன வாக்கியம் தந்த யோசனைதான். எழுதி முடித்துத் தனியாகச் சிரித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறு பேர், ஏழு துண்டு. எல்லாம் நாலாக மடித்தது. தி.க்கு எதைக் கொடுப்பது? காலையில் முகத்தைப் பார்த்து முடிவு.

மார்ச் 14, சனி

காலை. பஸ் ஸ்டாண்டில் தூறல். ஒரு கையில் குடை, ஒரு கையில் துண்டுகள், கக்கத்தில் கைப்பை. தி. வந்ததும் என் குடையை 'அம்ப்ரெல்லா' என்று எப்படி உச்சரிப்பது என்று விளக்கினார். முடிவெடுத்தேன்: வில்கமுவ.

கொடுத்தேன். பிரித்தார். "நாலந்தா. நல்லது" என்றார். துண்டு மாறிவிட்டது. அதற்குள் எல்லோர் கையிலும் ஒவ்வொன்று. பா.வை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், யட்டவத்தவுக்கு ஒரு பெரிய பையோடு வந்திருந்தாள். தூறல் விட்டதும் குடையை மடக்கினேன். கையில் மிச்சத் துண்டு இல்லை. சேற்றில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம். ஐந்து பேர் வந்துவிட்டார்கள். தி. புராதனக் கோயிலுக்கு முன்னால் எடுத்த படத்தோடு வந்தார். பா. இல்லை.

இரண்டு மணி. பா. எங்கே என்று மாரிமுத்து எனக்குப் போன் எடுத்தார். பிறகு இரண்டரைக்கு. பிறகு மூன்றுக்கு. அவர்கள் வீட்டில் ஒரே போன், அது அவரிடம்.

நாலரை. தெரியாத நம்பர். பா.

"டீச்சர், நான் வில்கமுவயில இருக்கேங்க."

அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நான் கத்தினேன், "அய்யோ, அந்தத் துண்டு உங்களுக்கா வந்துச்சு?"

பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது.

"ஆமாங்க டீச்சர். அந்தத் துண்டுதான்."

கடைசி பஸ் போய்விட்டதாம். ஒரு வீட்டில் தங்கச் சொன்னார்களாம், நல்ல ஆட்களாம், காலையில் வருகிறாளாம். வீட்டுக்கு நானே சொல்லிவிட வேண்டுமாம்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத மாட்டேன். "உன் விளையாட்டு ஒருநாள் யார் தலையிலயாவது விழும்னு சொன்னேன்ல" என்றார் என் வீட்டுக்காரர். சொன்னார்தான்.

மார்ச் 15, ஞாயிறு

வெயில். பத்து மணிக்கு பா. வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். குற்றவாளி வாழைப்பழத்தோடு போவது நம் ஊர் வழக்கம்.

அவள் அப்போதுதான் வந்திருந்தாள். மாரிமுத்து வாசலில். பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி காயப்போடுகிற பாவனையில் நின்றார்கள். ஒரே துணியை ஒருத்தி மூன்று தடவை உதறினாள். நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தி.யைச் சீண்ட எழுதியது, கை மாறியது, பா. மேல் ஒரு தப்பும் இல்லை என்பது.

"படிச்சவங்க விளையாட்டு எங்க வீட்டுல வந்து விடிஞ்சிருக்கு" என்றார் மாரிமுத்து. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ராத்திரி பூரா இந்த வாசல்லதான் குந்திக்கிட்டு இருந்தேன் டீச்சர். கண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பா. உள்ளே பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "விடுங்க. டீச்சர் தெரியாம செஞ்சது" என்றாள். எவ்வளவு பெரிய மனசு.

கெஞ்சினேன். வியாழக்கிழமை நானே கூடப் போகிறேன், கூட்டிப்போய்க் கூட்டி வருகிறேன் என்றேன். மாரிமுத்து ரொம்ப நேரம் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ மேல தப்பு இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அதனால சரி. கைய விட்டுறாதீங்க."

புறப்படும்போது பா. ஒரு பையைக் கொடுத்தாள். சிவப்பரிசி, கச்சான் கடலை, கத்தரிக்காய். தங்கிய வீட்டுக்காரர்கள் கொடுத்ததில் எனக்கு ஒரு பங்காம். முன்பின் தெரியாத தமிழ்ப் பொம்பிளைக்கு இவ்வளவா? இந்த நாட்டைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு. அரிசியைப் பார்த்துக் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 17, செவ்வாய்

வெயில், புழுக்கம். வகுப்பு. தி.யிடமும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால்:

"அட, குடுத்திருக்கலாமே பிள்ளை. என்ர முதல் உத்தியோகம் வில்கமுவையிலதான். சந்தோஷமாப் போயிருப்பன்." பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கி, "ஆனா அங்க மணிக்கூண்டு இல்லை."

ஆக அந்தக் குறும்பும் உருப்படாத குறும்பு.

பா.விடம் மணிக்கூண்டைத் தேடி ரொம்ப அலைந்தீர்களா என்று கேட்டேன். "அலைஞ்சேங்க" என்றாள். நெஞ்சில் இன்னொரு முள். துண்டைத் திருப்பிக் கேட்டேன், கிழித்துப் போட. பஸ்ஸில் தொலைந்துவிட்டதாம்.

வாங்க: மண்ணெண்ணெய், கரும்பலகைக்கு வெண்கட்டி, வீட்டுக்காரருக்கு மாத்திரை.

மார்ச் 19, வியாழன்

அதிகாலை பஸ். கண்டி. நான் கூட்டிப்போனேன் என்று எழுதினால் பேனை வெட்கப்படும். இறங்கியதும் நம்பிக்கையாக ஒரு பக்கம் நடந்தேன். பா. என் முழங்கையைப் பிடித்தாள். "டீச்சர், அந்தப் பக்கம் இல்லைங்க." போய் ஒரு பொலிஸ்காரரிடம் இங்கிலீஷில் கேட்டாள். அவர் சிங்களத்தில் பதில் சொன்னார். அவள் இங்கிலீஷில் நன்றி சொன்னாள். 'செகண்ட் லெஃப்ட்' என்று எனக்கு விளக்கிவிட்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால், பையைப் பிடித்துக்கொண்டு.

வேலை கிடைத்தது. சித்திரை வருடப் பிறப்பு முடிந்ததும் வரச் சொன்னார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வேண்டாத சாமி இல்லை.

திரும்பும் வழியில் நடைபாதைக் கடையில் ஒரு குட்டிச் சட்டை வாங்கினாள், என் உள்ளங்கை அகலம். யாருக்கு என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்றாள்.

பஸ்ஸில் நாலாவது தடவையாக மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "போதும்ங்க டீச்சர். நீங்க கேக்கக் கேக்க எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு."

இப்படிப்பட்ட ஒருத்தியை அல்லவா நான். இனி யாரையும் சீண்டுவதில்லை. சத்தியம். (தி.யைத் தவிர.)

மார்ச் 21, சனி

மூன்று மணிக்கு நல்ல மழை, போன சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான். வகுப்புக்குப் போக வாசலில் நின்று குடையை விரித்தேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு துண்டு காலடியில் விழுந்தது. நாலாக மடித்தது. பிரித்தேன். என் கையெழுத்து. வில்கமுவ, மணிக்கூண்டு, இடது பக்கம். பஸ்ஸில் தொலைந்துவிட்டதாக பா. சொன்ன அதே துண்டு.